கொல்லைப்புறக் குன்று

அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட் மாநிலத்தின் விநூஸ்கி ஆற்றங்கரையில் ரிச்மண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு பழைய பண்ணை வீட்டின் பின்னால் எழும் சரிவுதான் காக்ரன் பனிச்சறுக்குத் தளம். அடிவாரத்திலிருந்து உச்சி வரை சுமார் 350 அடி உயரம். கொலராடோவின் வெய்ல் போன்ற பெரிய தளங்களில் 3,000 அடிக்கு மேல் சறுக்கி இறங்கலாம். அவற்றைப் பார்த்தவர்கள் இதை மலை என்று சொல்லவே தயங்குவார்கள். இங்கே சொகுசு விடுதி இல்லை, கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் நாற்காலிகள் இல்லை. ஆளை மேலே இழுத்துச் செல்லச் சில எளிய இழுவைகள் மட்டும் உண்டு.

இந்தக் குன்றில் வளர்ந்த ஒரு குடும்பத்தின் நான்கு பிள்ளைகளும் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடினார்கள். அடுத்த தலைமுறையிலிருந்தும் ஒலிம்பிக் வீரர்கள் வந்தார்கள். 1972-இல் மகள் ஒருவர் தங்கம் வென்றார். 2022-இல் பேரன் ஒருவர் வெள்ளி வென்றார். பத்திரிகைகள் பெரும்பாலும் இந்தப் பதக்கங்களையே எழுதிவந்திருக்கின்றன. ஆனால் அதே சரிவில் 60 ஆண்டுகளுக்கும் மேலாக, பதக்கத்தைப் பற்றி நினைத்தே பார்க்காத உள்ளூர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சறுக்கக் கற்றிருக்கிறார்கள். குன்றைக் காப்பாற்றி வைத்திருப்பது அவர்கள்தான். அதன் கதையில் முதலிடம் பெற வேண்டியவர்களும் அவர்களே.

மிக்கி காக்ரனும் அவருடைய மனைவி ஜின்னியும் இந்தப் பண்ணையை வாங்கியது 1960-இல். மிக்கி பொறியாளர். மர்லின், பார்பரா ஆன், பாப், லிண்டி என்று நான்கு பிள்ளைகள். பனிச்சறுக்கில் ஆர்வமுள்ள குடும்பங்கள் அன்று வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவதுதான் வழக்கம். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி எப்படிப் போதும் என்பது மிக்கியின் கேள்வி. பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் பின்னாலேயே பழக வேண்டும் என்று முடிவு செய்தார். 1961-இல் சுமார் 400 அடி நீளத்துக்கு ஒரு கயிற்று இழுவையைப் பொருத்தினார். இருட்டிய பிறகும் பழகுவதற்கு விளக்குகள் போட்டார்.

கயிற்று இழுவை வெர்மான்ட்காரர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் அது முதன்முதலாக ஓடியதே அந்த மாநிலத்தின் உட்ஸ்டாக் ஊரில்தான். 1934 ஜனவரியில் ஒரு பண்ணைச் சரிவில், ஃபோர்டு மாடல்-டி காரின் இன்ஜினைக் கொண்டு அதை ஓட்டினார்கள். இரு முனைகளும் சேர்த்துப் பின்னப்பட்ட நீண்ட கயிறு, மேலும் கீழும் சக்கரங்கள், ஒரு இன்ஜின். அவ்வளவுதான் அமைப்பு. கயிறு நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். சறுக்குபவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

பிடிப்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது. ஓடும் கயிற்றைச் சட்டென்று இறுகப் பிடித்தால் தோளே கழன்றுவிடும்போல இழுக்கும், குழந்தை முகம் குப்புற விழும். முதலில் கயிற்றைக் கையுறைக்குள் வழுக்கி ஓடவிட வேண்டும். பிறகு மெல்ல மெல்லப் பிடியை இறுக்க வேண்டும். முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும், இரண்டு சறுக்குப் பலகைகளும் ஒரே திசை பார்த்திருக்க வேண்டும். ஒரு கை முன்னால் பிடிக்க, மறு கை முதுகுக்குப் பின்னால் கயிற்றைத் தாங்கும். பனி உருகி நனைந்தால் கயிற்றின் கனம் கூடிவிடும். கையுறையின் உள்ளங்கை ஒரே பருவத்தில் தேய்ந்துபோகும். இறங்கக் கற்பதற்கு முன்பே ஏறும்போதே குழந்தையின் கால்களுக்குச் சமநிலைப் பாடம் தொடங்கிவிடுகிறது. நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்து போகும் பிள்ளைக்கு அந்த நேரம் ஓய்வு. கயிற்றைப் பிடித்துப் போகும் பிள்ளைக்கு அதுவும் பயிற்சிதான்.

கொல்லையில் விளக்கு எரிவதைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஜின்னி அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பள்ளி முடிந்து வரும் உள்ளூர் மாணவர்களுக்கான வகுப்புகள் அப்படித்தான் உருவாயின. தனியாக ஓய்வுக்கூடம் எதுவும் இல்லாததால் காக்ரன் வீட்டுச் சமையலறையே வந்தவர்கள் குளிர்காயும் இடமானது. குன்றின் வரலாற்றில் மிக்கியின் இன்ஜினுக்கு இருக்கும் இடம் ஜின்னியின் சமையலறைக்கும் உண்டு. கயிறு குழந்தையைக் குன்றின் மேலே கொண்டுபோனது. திரும்பத் திரும்ப வரவைத்தது, உள்ளே வா என்று அழைத்த அந்தக் கதவு.

குன்று சின்னதாக இருந்ததுதான் இங்கே பாதி ஆசிரியர் வேலையைச் செய்தது. பெரிய மலையில் லிஃப்ட் வரிசையில் நிற்பதற்கும் மேலே போவதற்குமே நேரம் கரையும். இறங்கும் பாதை நீளமானது என்பதால் ஒரு தவறைச் செய்த பிள்ளை அதே இடத்துக்கு மறுபடி வர வெகுநேரம் ஆகும். அதற்குள் உடல் அந்தத் தவறை மறந்திருக்கும். காக்ரனில் ஒரு நிமிடம் இறங்கினால் போதும், கயிற்றைப் பிடித்து உடனே மேலே போய்விடலாம். இந்த முறை வலது காலை எங்கே அழுத்தினோம், எங்கே தடுமாறினோம் என்பது சூடாக நினைவில் இருக்கும்போதே அடுத்த முயற்சி தொடங்கிவிடும். ஒரு மாலையில் எத்தனையோ தடவை இப்படி. உச்சியிலிருந்து அடி வரை முழுச் சரிவும் ஒரே பார்வையில் தெரிவதால் எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் பெற்றோர் கீழே நிற்கலாம். பெரிய மலையில் அப்படி விட யாருக்கும் மனம் வராது. பிள்ளைகளுக்கு அந்தத் தனிமை பெரிய சொத்து. எந்த வழியில் இறங்குவது, யாரோடு போட்டி போடுவது, எப்போது ஓய்வெடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

தொடக்கநிலைக் குழந்தைக்கு எந்தத் தளத்திலும் முதல் பாடம் விழுவதும் எழுவதும்தான். விழுந்ததும் கைகளை ஊன்றி எழப் பார்ப்பது இயல்பு. ஆனால் பலகைகள் சரிவை நோக்கி இருந்தால் பாதி எழும்போதே மறுபடி வழுக்கும். அதனால் முதலில் உருண்டு, இரண்டு கால்களையும் உடலுக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, ஓரங்களைப் பனியில் பதித்து எழ வேண்டும். அடுத்தது வேகத்தைக் குறைக்கும் வித்தை. பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும். அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இந்த முக்கோண வடிவத்தைக் குழந்தைகளுக்கு ‘பீட்சா’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குக் கூட அது உடனே புரிந்துவிடுகிறது.

மிக்கியின் பயிற்சி அடிப்படைகளைச் சலிக்காமல் செப்பனிடுவது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதை 1972 பிப்ரவரி 11 அன்று ஜப்பானின் சப்போரோ நகரில் உலகம் பார்த்தது. பெண்களுக்கான ஸ்லாலம் போட்டி. வாயில்களாக நடப்பட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இரண்டு முறை இறங்க வேண்டும்; இரண்டு நேரங்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். பார்பரா ஆன் காக்ரனுக்கு அப்போது 21 வயது. முதல் இறக்கத்தில் 46.05 நொடி. பிரான்சின் டானியெல் டெபெர்னார் 46.08. இரண்டாவது இறக்கத்தில் டெபெர்னார் நூறில் ஒரு பங்கு நொடி முந்தினார். ஆனாலும் மொத்தத்தில் பார்பரா ஆன் 0.02 நொடியில் வென்றார்.

தொடக்கக் கோட்டில் முழங்கால் உயரத்தில் ஒரு மெல்லிய குச்சி இருக்கும். வீரரின் கால் அதைத் தள்ளும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். மிக்கி மகளுக்குப் பழக்கிவைத்தது இதுதான்: கைத்தடிகளை ஊன்றி மேலுடம்பை முதலில் முன்னால் எறி, கால் கடைசியாக வந்து குச்சியைத் தொடட்டும். கடிகாரம் விழிக்கும்போது உடல் ஏற்கெனவே ஓட்டத்தில் இருக்கும். அந்த 0.02 நொடி அங்கிருந்துதான் வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அவ்வளவு நுணுக்கமான ஒன்றைப் பழக்க எவ்வளவு மாலைகள் தேவைப்பட்டிருக்கும், அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சரிவு இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதைப் புரிந்துகொள்ளலாம். ஆல்பைன் பனிச்சறுக்கில் 1952-க்குப் பிறகு அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 1952-இல் இரண்டு தங்கம் வென்ற ஆண்ட்ரியா மீட் லாரன்ஸும் வெர்மான்ட்காரர்தான். தன் பெற்றோர் தொடங்கிய பைக்கோ தளத்தில் வளர்ந்தவர்.

மூத்தவர் மர்லின் 1969-இல் உலகக் கோப்பையின் ஜயன்ட் ஸ்லாலம் பட்டத்தை வென்றிருந்தார். அவரும் பாபும் சப்போரோவில் ஆடினார்கள். இளையவர் லிண்டி 1976-இல் இன்ஸ்ப்ரூக்கில் ஆடினார். லிண்டியின் மகன் ரயன் காக்ரன்-சீகல், பெரியம்மா தங்கம் வென்ற ஏறத்தாழ அதே நாளில், 50 ஆண்டுகள் கழித்து பெய்ஜிங்கில் சூப்பர்-ஜி போட்டியில் வெள்ளி வென்றார். தங்கத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.04 நொடி.

இந்தப் பத்தாண்டுகளில் வெர்மான்ட் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதி முழுவதும் இதுபோன்ற சின்னக் குன்றுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. அந்தப் பகுதியில் மறைந்துபோன தளங்களைப் பட்டியலிட 1998-இல் தொடங்கிய ஆவணத் திட்டம் ஒன்று 600-க்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்திருக்கிறது. நாடு முழுவதும் 1980-களில் 700-க்கு மேல் இருந்த தளங்களின் எண்ணிக்கை இன்று 500-க்கும் குறைவு.

காரணங்கள் பல. 1973-இன் எண்ணெய் நெருக்கடி, பனி பொய்த்த குளிர்காலங்கள், செயற்கைப் பனி தயாரிக்கும் இயந்திரங்களுக்கு ஆகும் முதலீடு. காப்பீட்டுச் செலவுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. 1974-இல் வெர்மான்டின் ஸ்ட்ராட்டன் தளத்தில் தொடக்கநிலையினருக்கான பாதையில், பனிக்கடியில் மறைந்திருந்த புதரில் சிக்கி சண்டே என்ற இளைஞர் விழுந்தார், கைகால்கள் செயலிழந்தன. ‘சண்டே எதிர் ஸ்ட்ராட்டன்’ என்று அறியப்படும் அந்த வழக்கில் 1977-இல் ஜூரி 15 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சறுக்குபவர் விழுந்தால் அது அவர் பொறுப்பு என்று அதுவரை இருந்த எண்ணம் ஆட்டம் கண்டது. விளையாட்டின் இயல்பான ஆபத்துகளை ஆடுபவரே ஏற்க வேண்டும் என்று மாநிலம் 1978-இல் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் காப்பீட்டுத் தொகை ஏறியது ஏறியதுதான். பெரிய தளங்கள் தாங்கிக்கொண்டன. மாட்டுப் பண்ணையின் மூலையில் கயிறு ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்ஜினை நிறுத்தினார்கள். பாதிக்கப்பட்ட அந்த இளைஞர் நீதி கேட்டது நியாயமே. அதன் விலையைச் சின்னக் குன்றுகள் கொடுக்க நேர்ந்தது, அந்தச் சுமையைப் பகிர வேறு ஏற்பாடு இல்லாததால்தான்.

காக்ரன் குடும்பத்துக்கும் இதே நெருக்கடி வந்தது. கட்டணத்தை உயர்த்திப் பெரிய தளமாக்கவும் இடமில்லை, மூடவும் மனமில்லை. 1998-இல், மிக்கி மறைந்த அதே ஆண்டில், தளம் லாபநோக்கற்ற அமைப்பாக மாறியது. அமெரிக்காவில் அறக்கொடைக்கான வரிச்சலுகை பெற்ற முதல் பனிச்சறுக்குத் தளம் என்று இதைச் சொல்கிறார்கள். எந்தக் குழந்தைக்கும் பணமில்லை என்பதற்காகச் சறுக்கும் வாய்ப்பு மறுக்கப்படக் கூடாது என்பதே அமைப்பின் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஜின்னி 2005-இல் மறையும் வரை அந்த நோக்கத்தின் முகமாக இருந்தார்.

லாபநோக்கற்றது என்றால் செலவில்லாதது என்று பொருளில்லை. மின்சாரம், டீசல், பனியைச் சமன்செய்யும் வண்டி, இழுவைப் பராமரிப்பு, சம்பளம், காப்பீடு எல்லாமே உண்டு. மாறியது வேறு. மிஞ்சும் பணத்தை யாரும் எடுத்துப்போக முடியாது, அது குன்றுக்கே திரும்ப வேண்டும். நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கிறது, அறக்கட்டளைகளிடம் நிதி கேட்கலாம். ‘நம் குன்று’ என்று ஊர்க்காரர் வேலை செய்ய முன்வருவதும் இதனால்தான். தனியார் முதலாளிக்காக யாரும் சனிக்கிழமை சம்பளமில்லாமல் சாளரத்தில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்க மாட்டார்கள். குன்றின் வெற்றியை எதை வைத்து அளப்பது என்பதையும் இந்தச் சட்ட வடிவம் மாற்றிவிடுகிறது. இந்தப் பருவத்தில் எவ்வளவு வந்தது என்ற கேள்வி பின்னால் போய், எத்தனை பிள்ளைகள் கற்றார்கள் என்ற கேள்வி முன்னால் வருகிறது.

தங்கம் வென்ற பார்பரா ஆன் பிற்காலத்தில் இங்கே மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கான வகுப்பை நடத்தினார். அதில் அவர் குழந்தையை மட்டும் பழக்கவில்லை. குழந்தைக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று தாய்க்கும் தகப்பனுக்கும் சொல்லிக்கொடுத்தார். வகுப்பு முடிந்தாலும் ஆசிரியர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார் என்பது இந்த ஏற்பாட்டின் அழகு. குட்டிப் பிள்ளைகளுக்கு லாலிபாப் பந்தயங்கள் உண்டு. பரிசு, பெயரிலேயே இருக்கிறது. ஒலிம்பிக் வீராங்கனை ஒருவர் மூன்று வயதுக் குழந்தையின் கால் பட்டையைக் குனிந்து இறுக்கிவிடும் இடம் உலகில் அதிகம் இருக்காது.

இதற்கு நேரெதிரே பெரிய தளங்களின் உலகம். வெய்ல் நிறுவனம் 2008-இல் அறிமுகம் செய்த பருவச் சீட்டு, முன்கூட்டியே வாங்குபவருக்குப் பல மலைகளை மலிவாக்கியது. அன்றன்றைக்கு வந்து நிற்பவருக்கோ விலை ஏறிக்கொண்டே போனது. வெய்லில் ஒரு நாள் டிக்கெட் இப்போது உச்சப் பருவத்தில் 300 டாலரைத் தாண்டிவிட்டது. சறுக்குவது பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத ஒரு குழந்தையைச் சும்மா அழைத்துப்போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கும் குடும்பத்துக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது. பெரிய நிறுவனங்களின் நாளைய வாடிக்கையாளர்களை உருவாக்கித் தருவதும் இந்தச் சின்னக் குன்றுகள்தான். அந்த நிறுவனங்கள் இவற்றுக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறேதும் இல்லை.

அஸ்கட்னி மலையின் கதை இன்னொரு வகை. அதே வெர்மான்டில், சுமார் 1,100 பேரே வாழ்ந்த வெஸ்ட் வின்சர் ஊரின் மலை அது. 1940-களில் எளிமையாகத் தொடங்கிய தளம், பிறகு விடுதியும் அடுக்குமாடிகளுமாகப் பெருத்தது. உரிமையாளர்கள் மாறிமாறி வந்தார்கள், கடன் ஏறியது, திவால்கள் நேர்ந்தன. 2010-இல் தளம் மூடப்பட்டது. லிஃப்டுகளைக் கழற்றி விற்றார்கள். வீட்டு மதிப்பு சரிந்தது, ஊர்க் கடை மூடியது.

ஊர் மக்கள் செய்தது அசாதாரணமானது. பொதுநில அறக்கட்டளை ஒன்றின் துணையோடு, 469 ஏக்கர் மலைநிலத்தை ஊரே வாங்க 2014-இல் வாக்களித்தார்கள். ஏற்கெனவே இருந்த ஊர்க் காட்டோடு அது சேர்ந்தது. அஸ்கட்னி அவுட்டோர்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு உருவாகி, முதலில் ஒரு கயிற்று இழுவையை ஓட்டியது. 2020-இல் டி-பார் இழுவை வந்தது: தலைகீழ் டி வடிவக் கம்பி, இருவர் அதில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டால் மேலே இழுக்கும். இறங்கக் கிடைப்பது பழைய உயரத்தில் நாலில் ஒரு பங்குதான். உச்சிக்குப் போக விரும்புபவர்கள் பலகைகளில் பிடிப்பு நாடாவை ஒட்டிக்கொண்டு நடந்து ஏறுகிறார்கள். இழுவையை இயக்குபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். பள்ளி விட்ட பிள்ளைகள் வருகிறார்கள். கோடையில் அதே காட்டில் மலைச் சைக்கிள் பாதைகள். ஊர்க் கடையும் 2018-இல் மறுபடி திறந்தது. முதலீட்டாளர்கள் திரும்பத் திரும்பத் தோற்ற மலையில், தேவையை அளவோடு வைத்துக்கொண்ட ஊர் வென்றிருக்கிறது.

இந்த மரபின் வேர்கள் ஆழமானவை. கொலராடோவின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில், நார்வேயிலிருந்து வந்த கார்ல் ஹோவல்சன் தொடங்கிய குன்று 1915 முதல் இயங்குகிறது. இன்று நகராட்சியின் சொத்து. லாபநோக்கற்ற குளிர்கால விளையாட்டு மன்றம் அங்கே பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிறது. மூவாயிரத்துச் சொச்சம் பேரே வாழும் வெர்மான்டின் நார்விச் ஊர், 2010-இல் தங்கம் வென்ற ஹன்னா கியர்னி உட்படப் பல ஒலிம்பிக் வீரர்களைத் தந்தது. அதை ஆராய்ந்து கேரன் க்ரூஸ் 2018-இல் ஒரு நூலே எழுதினார்.

இந்தக் குன்றுகள் எட்டாத குழந்தைகளும் உண்டு. டிக்கெட் மலிவானாலும் காலணி, பலகை, தலைக்கவசம், குளிராடை எல்லாம் வேண்டும். வளரும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு காலணி பற்றாது. அதனால்தான் நியூ இங்கிலாந்து ஊர்களில் இலையுதிர் காலத்தில் பழைய கருவிகளை மாற்றிக்கொள்ளும் சந்தைகள் கூடுகின்றன. இனப் பாகுபாட்டின் சுவடு இன்னும் ஆழமானது. கறுப்பினச் சறுக்கு மன்றங்களை ஒன்றுதிரட்ட பென் ஃபின்லியும் ஆர்ட் கிளேயும் 1973-இல் ஒரு தேசிய அமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. வெள்ளையர் மிகுந்த மாநிலத்தின் ஊர்க் குன்று, தன் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவைப்பதால் மட்டும் இந்தக் குறை தீராது. நகரப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துவந்து, உடையும் கருவியும் கொடுத்து, தொடர்ந்து வரவைக்க வேண்டும். அதற்கு நிதி வேண்டும்.

குளிர்காலமும் முன்போல இல்லை. வடகிழக்கில் வெப்பம் கூடிவருகிறது. பனி விழ வேண்டிய நாளில் மழை பெய்கிறது. தாழ்ந்த குன்றுகளை இது முதலில் தாக்கும். காக்ரனில் செயற்கைப் பனி தயாரிக்கும் வசதி உண்டு. நீரை நுண்துளிகளாகக் காற்றில் பீய்ச்சி உறையவைக்க, வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்க வேண்டும். காற்றும் உலர்ந்திருந்தால் நல்லது. அப்படிப்பட்ட இரவுகள் குறைந்துகொண்டே வருகின்றன. பனியால் மூட வேண்டிய பரப்பு சிறியது என்பதால் சில இரவுகள் கிடைத்தாலே சின்னக் குன்று சமாளித்துவிடும். வெர்மான்டின் ஈஸ்ட் கொரிந்தில் 1936 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் நார்த்ஈஸ்ட் ஸ்லோப்ஸில் அந்த வசதியும் இல்லை. வானம் தரும் பனியை நம்பித்தான் அங்கே கயிறு ஓடுகிறது. பனி குறைந்த ஆண்டில் சில நாள்கள் மட்டுமே ஓடினாலும், காப்பீட்டுத் தொகையை முழுதாகக் கட்டியாக வேண்டும்.